நல்லவனாக இருந்து களைத்துவிட்டேன், இனிமேல் கறாராக மாறிவிடட்டுமா?

வாசகர் கேள்வி:

"எனக்கு 43 வயது. மனசறிந்து யாருக்கும் தீங்கு செய்ததில்லை. அன்பாக இருக்க வேண்டும், இரக்கத்தோடு நடக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. ஆனால் எல்லோரும் சேர்ந்து என்னை ஏமாளியாக்கிவிட்டார்கள். தம்பி மூன்று முறை கடன் வாங்கினான், எதையும் திருப்பித் தரவில்லை. இப்போது நான்காவது முறை கேட்டு நிற்கிறான். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் மாதக் கடைசி வேலையை என் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். விவாகரத்து ஆன நண்பன் ஒருவன் தினமும் இரவில் போன் செய்து அழுகிறான். அவன் வைத்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. நான்கு மாதமாக இப்படித்தான். போன வாரம் என் ஒன்பது வயது மகன் கணக்கில் சந்தேகம் கேட்டு வந்தான். நோட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். 'வெளியே எல்லாரும் உங்களைத் தங்கமான மனுஷன்னு சொல்றாங்க, வீட்ல எங்களுக்குப் பயமா இருக்கு' என்றாள் மனைவி. அன்பு, இரக்கம் என்று வாழ்வதே முட்டாள்தனமா? இனிமேல் கறாராக மாறிவிடட்டுமா? மகனை எப்படி வளர்ப்பது, என்னைப் போலவா, பிழைக்கத் தெரிந்தவனாகவா?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

மனநல ஆலோசகரின் பதில்:

உங்கள் கடிதம் நீளமானது. அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கியிருக்கிறேன். அப்படி எடுத்ததில் முக்கியமான ஒரு பகுதி, யார் யாருக்கு எப்போது என்ன செய்தீர்கள் என்று வரிசையாக எழுதியிருந்த பட்டியல். அதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளே கசப்பு சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இப்படி ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பட்டியலை இரண்டு முறை படித்தும் ஒன்று மட்டும் கண்ணில் படவில்லை. செய்தபோது உங்களுக்கு நிறைவாக இருந்தது என்று ஓரிடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. 'மறுக்க வாய் வரவில்லை', 'முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி இல்லையென்பது', 'கேட்டுவிட்டாரே, என்ன செய்ய' என்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை ஏமாளியாக்கியது அன்பு என்று நான் நினைக்கவில்லை. இத்தனை காலம் உங்களை நடத்தி வந்ததில் பெரும்பங்கு பயத்துடையது. அடுத்தவர் முகம் சுளித்துவிடுமோ, என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற பயம். அதற்கு நீங்கள் அன்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். முழுக்க அப்படித்தான் என்று சாதிக்க மாட்டேன். கல்நெஞ்சுக்காரர் இரவு ஒரு மணிக்கு நண்பனின் போனை எடுக்க மாட்டார். ஆனால் உங்களுக்குள் அன்பும் தாட்சண்யமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் 'அன்பை விட்டுவிடட்டுமா' என்று கேட்டால், விட வேண்டியதை வைத்துக்கொண்டு வைத்திருக்க வேண்டியதை விட்டுவிடுவீர்கள்.

பிரித்துப் பார்ப்பது எப்படி? அடுத்த முறை யாராவது உங்களிடம் ஒன்று கேட்கும்போது, பதில் சொல்வதற்கு முந்தைய சில நொடிகளைக் கவனியுங்கள். பக்கத்து மேசைக்காரர் ஃபைலோடு வந்து நிற்கிறார். 'சார், ஒரு சின்ன உதவி' என்று ஆரம்பிக்கிறார். அவர் முடிப்பதற்குள்ளேயே உங்கள் தலை ஆடத் தொடங்கிவிடும். வயிற்றில் ஒரு இறுக்கம், முகத்தில் ஒரு சிரிப்பு, இரண்டும் ஒரே நேரத்தில் வரும். 'பரவாயில்லை, வச்சுட்டுப் போங்க' என்ற பிறகு அந்த இறுக்கம் சட்டென்று தளரும். அந்தத் தளர்வைத்தான் நீங்கள் நல்லது செய்த திருப்தி என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அது கண்டம் தப்பிய நிம்மதி. அரை மணி நேரத்தில் எரிச்சல் வந்துவிடுவதும் அதனால்தான்.

அந்த நொடிகளில் மனசுக்குள் ஓடும் கேள்வி எது என்று பாருங்கள். 'இதைச் செய்தால் இவருக்கு என்ன நன்மை, செய்யாவிட்டால் என்ன கெடும்' என்று ஓடினால் நீங்கள் அவரைப் பார்க்கிறீர்கள். 'இல்லையென்றால் என்னை என்ன நினைப்பார்' என்று ஓடினால் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கேட்கக் கடுமையாகத்தான் இருக்கும். ஆனால் இதைப் புரிந்துகொண்டவர்களுக்குப் பாதிப் பாரம் அங்கேயே இறங்கிவிடுவதை என் வேலையில் பார்க்கிறேன்.

கடிதத்தின் ஒரு மூலையில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'சின்ன வயசிலேயே வீட்டில் சண்டை மூளாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.' நீங்கள் அதை ஒரு தகவலாக எழுதியிருக்கலாம். எனக்கு அதுதான் முழுக் கடிதமாகவும் தெரிந்தது. இப்படிப்பட்ட வீடுகளில் வளரும் குழந்தை ஒன்றை வெகு சீக்கிரம் கற்றுக்கொள்ளும். வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்லிவிடும். பெரியவர்களின் புருவத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் பாத்திரம் வைக்கப்படும் ஓசையையும் படிக்கும். யாருக்கு எப்போது என்ன தேவை என்று கேட்கும் முன்பே செய்துவிடும். ஊரும் உறவும் 'எவ்வளவு பொறுப்பான பிள்ளை' என்று மெச்சும். அன்றைக்கு அது உங்களைக் காப்பாற்றிய சாமர்த்தியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இப்போது 43 வயது. பக்கத்து மேசைக்காரரின் முகம் வாடினால் எந்த வீடும் இடிந்து விழப்போவதில்லை. அது உங்கள் அறிவுக்குத் தெரியும், உடம்புக்குத்தான் இன்னும் தெரியவில்லை. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு இதற்கு மேல் சொல்வது எனக்கு அழகல்ல. நேரில் ஒரு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

மறுப்பதைப் பற்றி நீங்கள் கவனிக்காத இன்னொரு பக்கமும் உண்டு. ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெசா லேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். ஐந்து பேர் சம்மதிக்க எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று கேட்கப் போகிறவர்களிடமே முன்கூட்டியே விசாரித்தால், சுமார் 20 பேரிடம் என்றார்கள். உண்மையில் சுமார் 10 பேரிடம் கேட்டதுமே வேலை முடிந்துவிட்டது. கேட்பவர் 'முடியாவிட்டால் இல்லையென்று சொல்லிவிடப் போகிறார்' என்று இருக்கிறார். கேட்கப்படுபவருக்கோ முகத்துக்கு நேரே மறுப்பது எவ்வளவு சங்கடம் என்பது கேட்பவருக்குத் தோன்றுவதே இல்லை. பக்கத்து மேசைக்காரர் உங்களைத் திட்டமிட்டுச் சுரண்டுகிறார் என்று நம்புகிறீர்கள். இருக்கலாம். ஆனால் அவர் தன் மனைவியிடம் 'ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார், இந்த வேலையே அவருக்குப் பிடிக்கும்போல' என்று சொல்லிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. நீங்கள் இதுவரை அவருக்கு வேறெதையும் தெரியப்படுத்தவில்லையே.

அவரிடம் சண்டை போட வேண்டியதில்லை. 'இந்த மாசம் என்னால முடியாது' என்ற ஒரு வாக்கியம் போதும். காரணம் அடுக்காதீர்கள். காரணம் சொன்னால் அதைத் தட்டிவிட அவரிடம் ஒரு பதில் இருக்கும். உடனே இல்லையென்று சொல்ல நாக்கு எழாவிட்டால் 'யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்' என்று ஒரு நாள் வாங்கிக்கொள்ளுங்கள். தலையாட்டும் பழக்கம் அந்தச் சில நொடிகளில்தான் உயிரோடு இருக்கிறது. இடைவெளி விழுந்தால் தளர்ந்துவிடும். ஆரம்பத்தில் கேட்பது குறையாது, கூடும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். இத்தனை நாள் கிடைத்து வந்த ஒன்று நின்றுபோனால் மனிதர்கள் முதலில் இன்னும் பலமாகத் தட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கட்டத்தில் இறங்கிவந்துவிட்டால், பலமாகத் தட்டினால் திறக்கும் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

தம்பி விஷயம் வேறு. அங்கே இருப்பது வெறும் தாட்சண்யம் இல்லை. அவன்மேல் உங்களுக்கு உண்மையாகவே பாசம் இருக்கிறது. அதனால்தான் அங்கே அன்பையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். மூன்று முறை கொடுத்த பணம் அவன் நிலைமையை எந்த வகையில் மாற்றியது? உங்கள் கடிதப்படி, எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் வெளியில் இருந்த பழைய கடனை அடைத்தான், புதுக் கடனுக்கு இடம் உண்டாயிற்று, அவ்வளவுதான். நான்காவது முறையும் கொடுத்தால் அவனுக்கு ஒரு மாத மூச்சும் உங்களுக்கு ஒரு மாத நிம்மதியும் கிடைக்கும். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு பார்த்தால் பதில் வேறாக வரும். 'பணம் தர முடியாதுடா. ஆனா உன் வரவு செலவு எல்லாத்தையும் எடுத்துட்டு வா, உட்கார்ந்து ஒரு வழி பார்ப்போம். எத்தனை நாள் ஆனாலும் கூட இருக்கேன்.' இதைச் சொல்வது பணத்தை எடுத்துக் கொடுப்பதைவிடக் கஷ்டம். அவன் கத்துவான். 'நீயும் மாறிட்டே' என்பான். சில நாள் பேசாமலும் இருப்பான். அந்த நாட்களில் உங்களை அரிக்கும் குற்றவுணர்வை, தப்பு செய்துவிட்டதற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழகாத ஒன்றைச் செய்யும்போது வரும் வலி அது. எப்போது கேட்டாலும் 'கொடு' என்று மட்டுமே சொல்லும் அன்பை வழிகாட்டி என்று எப்படிச் சொல்வது? சில நேரம் 'கொடுக்காதே, கூட இரு' என்றும் அது சொல்ல வேண்டும்.

இனி அந்த நண்பன். அவனுக்குப் போனை எடுப்பது தப்பில்லை. எடுத்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல். அவன் அழும்போது நீங்களும் உள்ளே அழுகிறீர்கள், அவனுடைய விவாகரத்தை ஒவ்வொரு இரவும் நீங்களும் ஒருமுறை அனுபவிக்கிறீர்கள். டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற ஆய்வாளர்கள் சகாக்களோடு சேர்ந்து இதை மூளை ஸ்கேன் வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். ஆய்வு 2014இல் அச்சானது. அடுத்தவர் வலியை அப்படியே தன் வலியாக உணரும் பயிற்சியை முதலில் ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். துயரமான காட்சிகளைப் பார்த்தபோது அவர்களுக்கு மனச்சுமை கூடியது, வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளில் இயக்கமும் கூடியது. பிறகு அதே குழுவுக்கு வேறொரு பயிற்சி. துன்பப்படுபவர்மேல் கனிவோடு, 'இவர் நலமாக இருக்க வேண்டும்' என்று நினைக்கும் தியானம். அப்போது மனச்சுமை இறங்கியது. மூளையில் இயங்கியதும் வேறு பகுதிகள், பாசத்தோடும் மகிழ்ச்சியோடும் தொடர்புள்ளவை. இரண்டு பயிற்சியிலும் அவர்கள் பார்த்தவை துயரக் காட்சிகள்தான். மாறியது அவர்கள் நின்று பார்த்த இடம். மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள் பலர் களைத்துப்போவதும், சிலர் மட்டும் களைக்காமல் இருப்பதும் எப்படி என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

உங்கள் விஷயத்துக்கு இதைக் கொண்டுவந்தால்: போனை எடுத்ததும் அவனிடம் கேளுங்கள், 'நான் சும்மா கேட்டுட்டு இருந்தா போதுமா, ஏதாவது செய்யணுமா?' இந்தக் கேள்வி உங்களை அவன் வலிக்குள் இழுபட்டுப் போகாமல் அவன் பக்கத்தில் நிறுத்தும். நேரத்தையும் மாற்றுங்கள். 'தினம் ராத்திரி என்னால முடியலடா. சனிக்கிழமை சாயங்காலம் நேர்ல வர்றேன், ரெண்டு பேரும் நடந்துட்டே பேசலாம்' என்று சொல்லுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை. அவன் உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால் இந்த நேர ஒழுங்கெல்லாம் பொருந்தாது. அவனைத் தனியாக விடாமல் உடனே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போக வேண்டும், அவன் வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். அதை ரகசியமாகக் காப்பது நட்பு ஆகாது.

நான்கு மாதமாகத் தூக்கமில்லை என்கிறீர்கள். காலையில் எழும்போதே பாரமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இதை வெறும் குணப் பிரச்சினையாக எண்ணி விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள்.

உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். அந்த வாக்கியத்தைப் படிக்கும்போது எனக்கு 1973இல் வெளிவந்த ஒரு ஆய்வு ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. மத போதகராகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்ற வேண்டும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அனுப்புகிறார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் என்ற பைபிள் கதை. போகிற வழியில் ஒருவர் தலை கவிழ்ந்து இருமிக்கொண்டு முனகிக்கொண்டு சரிந்து கிடக்கிறார். அவரும் ஏற்பாட்டில் சேர்ந்தவர்தான், ஆனால் மாணவர்களுக்கு அது தெரியாது. யார் நின்று உதவினார்கள்? கையில் நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45. 'நேரமாகிவிட்டது, ஓடுங்கள்' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். என்ன தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பது கணக்கில் கொள்ளும்படியான வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. இரக்கத்தைப் பற்றிப் பேச ஓடிக்கொண்டிருந்தவர்கள் சிலர், முனகிக்கொண்டிருந்தவரைத் தாண்டிக்கொண்டே போனார்கள்.

அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. உங்கள் மகனின் நோட்டை எறிந்த அன்று நீங்களும் கெட்டவராகிவிடவில்லை. அன்றைக்கு உங்கள் நாளில் இடமே மிச்சமில்லை. மற்றவர் ஃபைலும் தம்பியின் கடன் யோசனையும் நண்பனின் விவாகரத்தும் அதை நிரப்பியிருந்தன. நோட்டோடு வந்து நின்ற பையன்தான் கடைசியாக வந்தவன். இன்னொன்றும் இருக்கிறது. வெளியாட்களிடம் கோபத்தைக் காட்டினால் உறவு போய்விடும் என்று பயம். வீட்டாரிடம் அந்தப் பயம் இல்லை. எங்கே போய்விடப் போகிறார்கள் என்ற தைரியத்தில் எல்லாக் கோபமும் அங்கே இறங்குகிறது. உங்களை அதிகம் நம்பியிருப்பவர்களுக்கு உங்களிடமிருந்து கிடைப்பது மிச்சம் மீதிதான் என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது.

மகனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்கவில்லை என்றால் இன்றைக்கே கேளுங்கள். 'நீ தொந்தரவு பண்ணினே, அதான்' என்று வால் சேர்க்காமல், 'அப்பா செஞ்சது தப்பு. உன் மேல தப்பு இல்ல' என்பதோடு நிறுத்துங்கள். பிறகு அந்தக் கணக்கை அவனோடு உட்கார்ந்து போடுங்கள். அலுவலகத்திலிருந்து வந்ததும் போனை எங்கேயாவது வைத்துவிட்டு, யாருக்கும் எதற்கும் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருக்க ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மனைவியிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், இல்லாவிட்டால் அதுவும் அவருக்கு இன்னொரு முறைப்பாகத் தெரியும். நாளில் கொஞ்சம் காலி இடம் இல்லாமல் எந்த நல்ல குணமும் வேலை செய்யாது.

கறாராக மாறிவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். களைத்துப்போனவர்கள் எல்லோரும் கேட்பது இது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தாவ ஆசைப்படுவார்கள். சில வாரம் எல்லோரிடமும் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, குற்றவுணர்வு தாங்காமல் பழையபடி இன்னும் அதிகமாகத் தலையாட்டத் தொடங்குவார்கள். இதற்கு நடுவில் ஒரு பாதை இருப்பதை, யாரும் எதிர்பார்க்காத ஒரு திசையிலிருந்து அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்செல்ராட் 1980 வாக்கில் காட்டினார். இரண்டு பேர் ஒத்துழைக்கலாம் அல்லது காலை வாரலாம், இதைத் திரும்பத் திரும்ப ஆட வேண்டும் என்ற விளையாட்டுக்குக் கம்ப்யூட்டர் நிரல்களை அனுப்பச் சொல்லிப் போட்டி வைத்தார். தந்திரமான நிரல்கள் நிறைய வந்தன. ஜெயித்தது அனடோல் ராபபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதல் ஆட்டத்தில் ஒத்துழைக்கும். அதன் பிறகு எதிராளி போன முறை என்ன செய்தாரோ அதையே செய்யும். அவ்வளவுதான். இரண்டாவது போட்டியிலும் அதுவே ஜெயித்தது. பின்னால் 1992இல் நோவக், சிக்மண்ட் இருவரும் இன்னொன்றைக் கண்டார்கள். தவறுதலாகச் சில தப்புகள் நடக்கும் உலகத்தில், எதிராளியின் தப்பைச் சில முறை கண்டும் காணாமல் விடும் நிரல் இதைவிட நன்றாக நிலைத்தது.

குடும்பம் கம்ப்யூட்டர் விளையாட்டு இல்லை, தெரியும். ஆனால் எப்போதும் ஒத்துழைத்துக்கொண்டே இருந்த நிரல்களை ஏய்ப்பவர்கள் காலி செய்தார்கள். எடுத்த எடுப்பில் காலை வாரிய நிரல்களும் கடைசியில் உருப்படவில்லை. நல்லபடியாகத் தொடங்கி, ஏமாற்றினால் ஏமாற்றப்பட்டேன் என்று காட்டி, மறுபடி சேர்ந்துகொள்ள வழி விட்டதுதான் நின்றது. தம்பி நாளைக்குத் தன் கணக்கோடு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் பழைய மூன்று கடனின் பேச்சையும் அப்போது எடுக்காதீர்கள்.

கடைசியாக, மகன். அவனுக்கு அன்பைக் கற்றுக்கொடுக்க வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். 2006இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கென், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் பதினெட்டு மாதக் குழந்தைகள் 24 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். துணி காயப்போடும் ஒருவர் கையிலிருந்து கிளிப் தவறி விழும், அவருக்கு எட்டாது. யாரும் கேட்கவில்லை, யாரும் பாராட்டவுமில்லை. தத்தித் தத்தி நடந்து போய் எடுத்துக் கொடுத்தார்கள். இப்படிப் பல சோதனைகள். 24 பேரில் 22 பேர் ஏதாவது ஒன்றிலாவது உதவினார்கள். இரண்டு வருஷம் கழித்து அதே ஆய்வாளர்கள் இருபது மாதக் குழந்தைகளிடம், உதவிய ஒவ்வொரு முறையும் ஒரு பரிசு கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பரிசை நிறுத்தியதும் அந்தக் குழந்தைகள்தான் குறைவாக உதவினார்கள். பாராட்டு மட்டும் பெற்றவர்களும் எதுவுமே பெறாதவர்களும் முன்போலவே உதவினார்கள். ஆகையால் நல்லது செய்தான் என்று பரிசு வாங்கித் தராதீர்கள். 'தேங்க்ஸ்டா, எனக்கு வேலை சுலபமாச்சு' என்றால் போதும்.

நீங்கள் அவனுக்குக் கொடுக்க வேண்டியது, உங்களுக்குச் சின்ன வயதில் கிடைக்காத ஒன்று. தன் சைக்கிளை உறவுக்காரப் பையனுக்குத் தர மாட்டேன் என்று அவன் அடம்பிடித்தால், எல்லோர் முன்னாலும் 'நல்ல பிள்ளைன்னா கொடுக்கணும்' என்று சொல்லிப் பிடுங்கிக் கொடுக்காதீர்கள். 'இன்னைக்கு அவனுக்கு இஷ்டமில்லையாம்' என்று வந்தவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். உறவுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். மகன் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவர்கள் போன பிறகு, அந்தப் பையன் என்ன நினைத்திருப்பான், அடுத்த முறை இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டலாமா என்று அவனிடம் தனியாகக் கேளுங்கள். அவன் என்ன சொன்னாலும் அன்றைக்கு அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.